ஒரு காதுத் துண்டு: விவிலியக் கவிதையில் மேய்ப்பன்

ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூல், மூன்றாம் அதிகாரம். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் ஒருவன் எதையோ பிடுங்குகிறான். கைக்கு வருவது இரண்டு கால்கள், அல்லது ஒரு காதின் துண்டு. செத்துப்போன ஆட்டின் காதுக்காக எவனாவது உயிரைப் பணயம் வைப்பானா?

வைப்பான். ஏன் என்பதை யாத்திராகமம் 22-ம் அதிகாரம் விளக்குகிறது. பிறர் கால்நடையைக் காவலுக்கு ஏற்றவன், அதைக் காட்டுவிலங்கு பீறிப்போட்டால் மிச்சத்தைக் கொண்டுவந்து சாட்சி காட்டவேண்டும். காட்டினால் ஈடு கட்ட வேண்டியதில்லை. லாபானிடம் 20 ஆண்டு உழைத்த யாக்கோபு, பீறுண்ட ஆட்டைக்கூடக் கணக்கில் காட்டாமல் நஷ்டத்தைத் தானே சுமந்ததாகக் குமுறுவதன் பொருள் இங்கேதான் புரியும். பாபிலோனின் ஹம்முராபி சட்டங்களிலும் இதே கவலை இருக்கிறது. பட்டிக்குள் சிங்கம் ஆட்டைக் கொன்றால், மேய்ப்பன் தெய்வத்தின் முன் தான் குற்றமற்றவன் என்று காட்டவேண்டும் என்கிறது 266-ம் விதி.

ஆமோஸ் இந்த வழக்கத்தை அறிந்தவர். எருசலேமுக்குத் தெற்கே உள்ள தெக்கோவா ஊரின் மந்தைக்காரர். சமாரியாவின் செல்வர்கள் தப்புவது இப்படித்தான் என்று அவர் சொல்லும்போது, ‘மீட்பது’ என்ற நல்ல சொல்லையே எடுத்துச் சாவின் அத்தாட்சியாக மாற்றிவிடுகிறார். இவ்வளவு கொடிய உவமை பழைய ஏற்பாட்டில் அரிது.

தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் மேய்ப்பனின் படத்தைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அந்தக் கனிவு ஏசாயா 40-ல் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எபிரேயக் கவிஞர்களின் மேய்ப்பன் முதலில் கணக்குச் சொல்லவேண்டியவன். மந்தை அவனுடையதாக இருப்பது அபூர்வம்.

அரசியலும் இங்கிருந்தே நுழைகிறது. ஹம்முராபி தன்னை மேய்ப்பன் என்றே அறிவித்துக்கொண்டான். அந்த அரசப் பட்டத்தைக் கி.மு. 6-ம் நூற்றாண்டில், பாபிலோன் சிறையிருப்பில் இருந்த எசேக்கியேல் 34-ம் அதிகாரத்தில் உரித்துப்போடுகிறார்: கொழுப்பைத் தின்று, ரோமத்தை உடுத்தி, நோயுற்றதைக் கவனியாமல் விட்ட தலைவர்கள். ஏசாயா 44 பாரசீக மன்னன் கோரேசுக்கே அந்தப் பெயரைக் கொடுக்கிறது. 49-ம் சங்கீதமோ செல்வச் செருக்குள்ளவர்களுக்கு மரணத்தையே மேய்ப்பனாக்கிவிடுகிறது.

23-ம் சங்கீதத்தை இந்தப் பின்னணியில் படிக்கவேண்டும். எருசலேமில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் இறங்கிச் சாக்கடலை அடைந்தால் 100-ஐத் தொடாது. இடைப்பட்ட யூதேயா வனாந்தரத்தில் பசுமை, மாரிமழைக்குப் பின் சில வாரங்களுக்கு மட்டும். புல்லைக் கண்டுபிடிப்பதே அங்கே ஒரு வித்தை. மேய்ப்பன் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று ஊன்றுகோல். மற்றொன்று அடிக்கும் தடி. அதற்கான எபிரேயச் சொல்லே செங்கோலையும் குறிக்கும். இருண்ட பள்ளத்தாக்கு வரும்வரை ‘அவர்’ என்று பேசிவந்த குரல், அங்கே சட்டென்று ‘நீர்’ என்று திரும்புகிறது. கடவுளைப் பற்றிய பேச்சு கடவுளோடு பேசுவதாகிறது. இறுதியில் நன்மை தொடரும் என்ற இடத்தில் வரும் வினை, பகைவர் துரத்துவதற்கு வழங்குவது. துரத்தப்பட்டவன் எழுதிய பாட்டாகவே எனக்கு அது கேட்கிறது.

ஆடு வளர்த்த அனுபவத்தோடு ஃபிலிப் கெல்லர் 1970-ல் இச்சங்கீதத்துக்கு எழுதிய நூல் புகழ்பெற்றது. மந்தையைக் கூர்ந்து பார்க்கும் அதற்குக் கவிதையில் அத்தனை கவனம் இல்லை. ராபர்ட் லோத் 1753-ல் எபிரேயக் கவிதையின் இணைவரி அமைப்பை விளக்கினார். ராபர்ட் ஆல்டர் 1985-ல் இரண்டாம் வரி முதல் வரியைக் கூர்மையாக்குவதைக் காட்டினார். மேய்ப்பன் உருவகத்தை விவிலியம் முழுக்கப் பின்தொடர்ந்தது திமொத்தி லானியாக்கின் 2006-ம் ஆண்டு நூல். ஆல்டரின் காதும் லானியாக்கின் பரப்பும் சேர்ந்தால்தான் பாட்டு முழுதாகப் பிடிபடும்.

மொழியும் ஒரு சிக்கல். எபிரேயத்தில் மேய்வதற்கும் மேய்ப்பதற்கும் ஒரே வினை. உன்னதப்பாட்டில் காதலன் மலர்களிடையே ஆட்டை மேய்க்கிறானா, தானே மேய்கிறானா என்று கவிஞர் சொல்லாமல் விடுவது வேண்டுமென்றேதான். தமிழில் ஓர் ஒற்று கூடினாலே ஒரு பக்கம் சாய்ந்தாகவேண்டும்.

மேய்ப்பனிடம் கணக்குக் கேட்கும் வழக்கம் கடவுளையும் விடவில்லை. 44-ம் சங்கீதத்தில் தோற்ற மக்கள் அவரையே எதிர்கொள்கிறார்கள்: எங்களைத் தின்னப்படும் ஆடுகளாகக் கொடுத்துவிட்டீர், விற்றீர், விலையாக எதுவும் பெறவில்லை. சந்தையில் மந்தையை விற்றுவந்தவனிடம் உடையவன் கேட்பதுபோல் மந்தையே கேட்கிறது. கடைசிவரை பதில் இல்லை. எழுந்து உதவும்படி கூப்பிடுவதோடு பாட்டு நின்றுவிடுகிறது.