விருந்தினர் அறையும் வீட்டார் சுவடும்

அரபுக் கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியர் ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் பாடத்தைத் தொடங்குகிறார். பாலைவனத்தில் கூடாரங்கள் பெயர்க்கப்பட்ட வெற்று நிலம். அணைந்த அடுப்பின் கற்கள். காற்று மூடியும் மூடாமலும் விட்ட தடங்கள். அவற்றின் முன் கவிஞன் ஒட்டகத்தை நிறுத்துகிறான். உடன் வந்த தோழரையும் நிற்கச் சொல்கிறான். பிரிந்து சென்றவர்களை எண்ணி அழுகிறான். ‘அத்லால்’ எனப்படும் இச்சிதைவுகளின் முன் நிற்பதுதான் முஅல்லகாத் கவிதைகளிற் பலவற்றின் தோற்றுவாய். இம்ருல் கைஸின் கஸீதாவை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம், வெற்று நிலத்தின் முன் நிற்பது எவ்வாறு ஒரு கலையாயிற்று என்னும் வினா எனக்குள் எழுவதுண்டு. அதற்கான விடையின் ஒரு பகுதி, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் எனக்குக் கிடைத்தது.

செக் குடியரசின் மேற்கில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த நகரம் மரியான்ஸ்கே லாஸ்னே. ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில் மரியன்பாத் என்னும் ஜெர்மன் பெயரால் உலகப் புகழ் பெற்றது. குளிர்ந்த கனிமநீர் ஊற்றுகளே அதன் செல்வம். டெப்லா மடத்தின் தலைவர் ரைட்டன்பெர்கர், மருத்துவர் நேர், தோட்டக்கலைஞர் ஸ்கால்னிக் ஆகியோரின் முயற்சியால் சதுப்பு நிலம் நகராயிற்று. 1818இல் அது பொது நீர்ச்சிகிச்சைத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னாளில் மன்னர்கள் வந்தனர். 1904இல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃபும் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டும் இங்குச் சந்தித்தனர். 2021இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் பெரும் நீர்ச்சிகிச்சை நகரங்கள் பதினொன்றை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது இந்நகரும் அவற்றுள் ஒன்றாயிற்று.

இங்குள்ள நகர அருங்காட்சியகம், 1818இல் கட்டப்பட்ட ‘பொன் திராட்சை’ என்னும் பழைய விடுதியில் அமைந்துள்ளது. 1823ஆம் ஆண்டுக் கோடையில் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே தங்கியது இவ்வீட்டில்தான். அவர் தங்கிய அறைகள் அவரது நினைவிடமாகப் பேணப்படுகின்றன. நான் அங்குச் சென்றதும் அவருக்காகவே.

காரணம் வெளிப்படை. 1819இல் வெளியான ‘மேற்கு-கிழக்கு திவான்’ நூலின் மூலம் ஹாஃபிஸுக்குக் கைகொடுத்தவர் அவர். அந்நூலின் முகப்பில் அரபு மொழியிலும் தலைப்புப் பொறிக்கப்பட்டிருந்தது. 1814இன் தொடக்கத்தில், ரஷ்யப் படையில் வந்திருந்த பஷ்கீர் முஸ்லிம்களின் தொழுகை வைமர் நகரப் பள்ளி மண்டபத்தில் நடைபெற்றதை வியப்புடன் எழுதியவர். அதற்கும் வெகு முன்னரே, 1783இல், வில்லியம் ஜோன்ஸின் ஆங்கில ஆக்கத்தைக் கொண்டு இம்ருல் கைஸின் கஸீதாவில் ஒரு பகுதியை ஜெர்மனில் பெயர்க்க முயன்றவர். அத்லாலின் முன் நின்று அழும் அந்த அரபுக் கவிஞனைத் தமது முப்பத்து நான்காம் வயதிலேயே அவர் அறிந்திருந்தார் என்பது நம் கவனத்திற்குரியது.

நாற்பதாண்டுகள் கழித்து அவரே ஒரு பிரிவைப் பாட நேர்ந்தது. எழுபத்து மூன்று வயதான கதே, பத்தொன்பது வயதான உல்ரிகே ஃபான் லெவெட்சோ என்னும் பெண்ணின்பால் மனம் பறிகொடுத்தார். வைமர் கோமகன் கார்ல் ஆகஸ்ட் அவர் சார்பில் பெண் கேட்டார், அது கைகூடவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில், குதிரை வண்டியிலேயே ‘மரியன்பாத் இரங்கற்பா’ எழுதப்பட்டது. அரபு மரபில் காதலியின் கூட்டம் புறப்பட்டுச் செல்கிறது. கவிஞன் வெற்று நிலத்தில் நிற்கிறான். இங்கோ கவிஞர் புறப்பட்டுச் செல்கிறார், நிலம் பின்தங்குகிறது. நஸீபை உள்வெளியாகத் திருப்பிப் போட்டாற்போன்ற கவிதை அது.

ஆயினும் அந்த அறையில் நிற்கையில் ஓர் ஐயம் என்னைப் பற்றிக்கொண்டது. நாம் யாருடைய பிரிவுக்காக இங்கு இரங்குகிறோம்? சில வாரங்கள் தங்கிச் சென்ற விருந்தினருக்காக. உல்ரிகே 1899 வரை, தொண்ணூற்றைந்து வயது வரை, மணம் புரியாமலே வாழ்ந்தார். முதுமையில், அது காதல் அன்று என்றே குறித்து வைத்தார். கவிதை நிலைத்த அளவுக்கு அக்குறிப்பு நிலைக்கவில்லை. திவானின் கதையும் இதனின் வேறன்று. அதன் ஸுலைகா பகுதியிற் சில கவிதைகள் மரியானே ஃபான் வில்லெமர் என்னும் பெண்மணி இயற்றியவை. 1869இல் ஹெர்மன் கிரிம் வெளிப்படுத்தும் வரை அவை கதேயின் பெயரிலேயே வழங்கின.

இவ்விரு பெண்களையும் எண்ணியபின், அறையின் சாளரத்துக்கு வெளியே தெரிந்த நகரமே வேறாகத் தோன்றிற்று. நகரை உருவாக்கிய ரைட்டன்பெர்கர் 1827இல் பதவி நீக்கப்பட்டு, தொலைவிலுள்ள டிரோல் நாட்டு மடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே மறைந்தார். நாஜிகளுக்கு அஞ்சி இங்கே அடைக்கலம் புகுந்த யூத மெய்யியலாளர் தியோடோர் லெஸ்ஸிங் 1933இல் இந்நகரிலேயே சுடப்பட்டார். 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகையகம் எரிக்கப்பட்டது. அதில் தொழுதவர்களின் சமூகமும் அழிந்தது. போர் முடிந்தபின், நகரின் பெரும்பான்மையினராக விளங்கிய ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டனர். செக்கோஸ்லோவாகியா முழுவதிலும் அவ்வாறு நிலமிழந்தோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். நாஜிக் கொடுமை முந்தியது என்பது உண்மை. அதன் விலையைக் குழந்தைகளும் செலுத்தினர் என்பதும் உண்மை. மரியன்பாத் என்றாலும் மரியான்ஸ்கே லாஸ்னே என்றாலும் பொருள் ஒன்றே: மரியாவின் நீராடுதுறை. பெயர் மொழிபெயர்க்கப்பட்டது, மாந்தர் மொழிபெயர்க்கப்படவில்லை.

இதனை அந்த அருங்காட்சியகத்தின் மீதான குற்றச்சாட்டாகக் கொள்ளலாகாது. நினைவில்லம் என்னும் வகைமையே இத்தகையது: பெரியவர் உறங்கிய கட்டில் அவ்வீதியில் பிறந்து மடிந்த ஆயிரம் பேரை மறைத்துவிடுகிறது. குற்றம் பார்வையாளனுடையதாகவும் இருக்கலாம். என்னுடையது அவ்வாறே இருந்தது. கதேயின் அறையில் நெடுநேரம் நின்ற நான், நகர மக்களின் வாழ்வைக் கூறும் பகுதியை விரைந்து கடந்தேன். நம்மைப் பற்றி நல்ல சொல் கூறிய மேனாட்டாரைத் தேடிச் சென்று மகிழ்வது நம்மவரிடையே ஒரு வழக்கம். கதே இஸ்லாத்தைத் தழுவினார் என்று சான்றின்றி உரைப்போரும் நம்மிடையே உளர். அவர் நம்மை மதித்ததற்குரிய உண்மையான கைம்மாறு, அவரை நம்மவராக்கிக் கொள்வதன்று. அயலாரின் துயரை, அது நம்மைக் குறிப்பிடாதபோதும், அவர் கற்றது போலக் கற்பதே.

இம்ருல் கைஸ் தன் பாலைநிலத்தைப் பொதுவாகப் பாடவில்லை. தகூல், ஹவ்மல் என இடங்களைப் பெயர் சொல்லிக் குறித்தான். அங்கு விருந்தினனாக வந்து போனவனுக்காக அன்றி, அங்கு அடுப்பு மூட்டியவர்களுக்காக அழுதான். அத்லாலின் முன் நிற்பது கலையாவது இதனால்தான். இவ்வாண்டு அப்பாடத்தைத் தொடங்கும்போது, அணைந்த அடுப்புக் கற்களில் சற்றுக் கூடுதலாகவே நிற்க எண்ணியுள்ளேன்.