முன்வாசலும் பின்வாசலும்

பெரிய ராணுவச் சரக்கு விமானங்களை ஒப்பிடும்போது எத்தனை டன் தூக்கும், எவ்வளவு தூரம் பறக்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். சரக்கு எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். வடிவமைப்பின் மற்ற முடிவுகள் பலவும் அதைச் சார்ந்தவை.

1968இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் சி-5 கேலக்ஸிக்கு மூக்கும் திறக்கும், வாலடியும் திறக்கும். ஒரு பக்கம் ஏறிய லாரி, ரிவர்ஸ் எடுக்காமலே மறுபக்கம் இறங்கிவிடலாம். 1982இல் பறந்த சோவியத்தின் அன்டோனோவ்-124 ருஸ்லானும் அப்படித்தான். மூக்கு மேலே உயரும், முன்புறம் தரையை நோக்கித் தாழும், சாய்தளம் நீளும். சரக்கறையின் கூரையிலேயே கிரேன்கள் ஓடுகின்றன. வசதி குறைந்த விமான நிலையத்திலும் கனமான சரக்கை இறக்க முடிவது இதனால்தான். அருமையான யோசனை.

ஆனால் இரண்டு வாசலுக்குக் கொடுத்த விலை அதிகம். மூக்கு திறக்க வேண்டுமென்றால் விமானி அறை மேல்தளத்துக்குப் போக வேண்டும். உடலைத் தாழ்த்தச் சிக்கலான சக்கர அமைப்பு வேண்டும். கேலக்ஸிக்கு 28 சக்கரங்கள். கதவு, பூட்டு, ஹைட்ராலிக் என ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும், பழுதுக்கும் இடம் தரும். ஒப்பந்தத்தின் எடை வரம்புக்குள் நிற்க, கேலக்ஸியைத் தயாரித்த லாக்ஹீட் நிறுவனம் இறக்கையில் கை வைத்தது. இறக்கையில் விரிசல் விழுந்தது, சுமையைக் குறைக்க வேண்டிவந்தது. 1980களில் 77 விமானங்களுக்குப் புது இறக்கையே பொருத்தினார்கள். 1975 ஏப்ரல் 4 அன்று, சைகோனிலிருந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற கேலக்ஸியின் பின்கதவுப் பூட்டுகள் கைவிட்டன. பிய்ந்த கதவோடு வாலின் கட்டுப்பாட்டு இணைப்புகளும் அறுந்தன. 138 பேர் இறந்தனர். பின்வாசல் எல்லா ராணுவச் சரக்கு விமானத்துக்கும் தேவைதான். உயிர்நாடியான இணைப்புகளை அதன் அருகே கொண்டுபோனதை மன்னிக்க முடியாது.

1991இல் பறந்த அமெரிக்காவின் சி-17 மூக்குக் கதவையே கைவிட்டது. தூக்குவது சுமார் 77 டன்தான். ஆனால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஓடுபாதையில் இறங்கும், எஞ்சின் விசையாலேயே பின்னோக்கியும் நகரும். 2020இல் லடாக் எல்லையில் பதற்றம் மூண்டபோது இந்திய விமானப் படையின் சி-17கள் லே வரை டாங்குகளைச் சுமந்தன.

மிக நீளமான, பருமனான சரக்குக்கு ருஸ்லானுக்கு இணையில்லை. நேட்டோ நாடுகளே அதை வாடகைக்கு எடுத்திருக்கின்றன. ஆனால் போர்முனைக்கு அருகே இறங்க வேண்டிய விமானத்துக்குப் பின்வாசல் ஒன்றே போதும். முன்வாசலுக்குச் செலவாகும் எடையை உறுதியான இறக்கைக்குக் கொடுப்பதே நல்ல வடிவமைப்பு.