ரூட் அனுமதித்த மொழிகள்

கணினியில் மொழி அவரவர் விருப்பம் என்று கட்டற்ற மென்பொருள்காரர்கள் சொல்கிறபோது எனக்கும் உடன்பாடுதான். ஆனால் 'விருப்பம்' என்கிற சொல்லை அப்படியே விட்டுவிட முடியாது. யாருடைய விருப்பம், யார் அனுமதித்த விருப்பம் என்று கேட்டாக வேண்டும்.

தொப்பூரில் ஒரே லினக்ஸ் கணினியை மூன்று பேர் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வீட்டில் தமிழ், ஒருவர் வீட்டில் தெலுங்கு, இன்னொருவர் வீட்டில் கன்னடம். தர்மபுரி மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கில் 'லாங்' என்ற மாறிக்குத் தன் மொழியை மதிப்பாகக் கொடுத்தால் போதும். அடுத்தமுறை உள்நுழையும்போது பட்டிகள், தேதி, அகர வரிசை எல்லாம் அவர் மொழிக்கு மாறும். பக்கத்து ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மொழி இன்னொன்றை விரட்டாமல் ஒரே எந்திரத்தில் குடியிருக்கலாம். 'ஒரே நாடு, ஒரே மொழி' பேசுகிறவர்களுக்கு இது பிடிபடாத ஏற்பாடு.

ஆனால் அந்த மதிப்பு வெறும் 'தமிழ்' அல்ல, 'டிஏ_ஐஎன்'. மொழி, அடிக்கோடு, நாடு. லினக்சின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் தமிழுக்கு இரண்டு அடையாளங்கள்: இந்தியா, இலங்கை. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிற சிங்கப்பூருக்குக்கூட அதில் தமிழ் இல்லை. தனக்கென மாநிலமில்லாத துளு இடம் பிடித்துவிட்டது. அதுவும் 'ஐஎன்' முத்திரையோடுதான். இருளர் மொழிக்கு முத்திரையும் இல்லை, இடமும் இல்லை.

அடுத்தது ரூட். டெபியன் வகை அமைப்புகளில் நிர்வாகி முதலில் உருவாக்கி வைத்த மொழிகளைத்தான் பயனர் தேர முடியும். உருவாக்காத மொழியைக் கேட்டால் சண்டை கிடையாது, பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை வரி. பிறகு எந்திரம் பேசாமல் 'சி'க்குத் திரும்பிவிடும். 'சி' என்பது பெயர் சொல்லாத ஆங்கிலம். மற்றவை எல்லாம் 'மொழிகள்'. ஆங்கிலம் மட்டும் தரை. தமிழாக்கம் இல்லாத இடமெல்லாம் அந்தத் தரைதான் தெரியும். 'லாங்குவேஜ்' என்று இன்னொரு மாறி உண்டு. தமிழ் இல்லையென்றால் தெலுங்கு, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலம் என்று வரிசை சொல்லலாம். ஆனா 'லாங்' மதிப்பு 'சி' என்று இருந்தா அந்த வரிசையை எந்திரம் சீந்தாது.

இதெல்லாம் உள்ளே நுழைந்த பிறகு. நுழைவுத் திரை எந்த மொழியில்? அது பயனருடையதல்ல, அமைப்புடையது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தன் மொழியைத் தேர எங்கே போவது என்பதையே ஆங்கிலத்தில் படிச்சாகணும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு சிடாக்கின் பாஸ் லினக்சும் வந்தது. எந்திரம் கைக்கு வந்ததோடு மொழி அரசியல் முடிந்ததாக நினைத்துக்கொண்டோம். முடியவில்லை. தனிநபர் உரிமை என்பது பொது முடிவுக்குப் பிறகு வருகிற மிச்சம். பள்ளியிலும் நூலகத்திலும் உள்ள கணினிகளில் வட்டாரத்தின் எல்லா மொழிகளையும் முன்கூட்டியே உருவாக்கி வை, முதல் திரையைத் தமிழாக்கு என்று கேட்பதுதான் இங்கே அரசியல் கோரிக்கை. இதுக்குக் காசுகூட வேண்டாம். ரூட் கடவுச்சொல் வைத்திருக்கிறவர் மனசு வைக்க வேண்டும்; அவரை மனசு வைக்கச் செய்ய வேண்டியது நாம்.