யாருக்குப் பேஸ்மேக்கர்? கணினியின் கணிப்பும் மருத்துவரின் பொறுப்பும்

இதயத்தின் இரு கீழறைகளும் ஒருசேரச் சுருங்காமல் முன்பின்னாக இயங்கினால், அவற்றை ஒத்திசையச் செய்யத் தனிவகைப் பேஸ்மேக்கர் உண்டு. மருத்துவர்கள் அதைச் சி.ஆர்.டி. என்பார்கள். விலை அதிகம். பொருத்திக்கொள்வோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. பலன் பெறுவோரை முன்கூட்டியே அறிய, கணினி தரவிலிருந்து தானே பயிலும் இயந்திரக் கற்றல் உதவுமா?

உதவும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இன்றைய வழிகாட்டுதல்கள் சில எண்களையே பெரிதும் நம்புகின்றன. கருவி பொருத்த, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இ.சி.ஜி.யில் கீழறைகளில் மின்தூண்டல் பரவும் நேரத்தைக் காட்டும் கியூ.ஆர்.எஸ். அகலம் 150 மில்லிநொடியை எட்டினால் பரிந்துரை வலுக்கும். ஆனால், 130 முதல் 149 மில்லிநொடி வரையுள்ள, இதய மின்கடத்துப் பாதையின் இடது கிளையில் அடைப்பு கொண்ட பெண்களும் நன்கு பலன் பெறுகிறார்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். சோதனைகளில் பெண்கள் குறைவாக இருந்ததால் அந்த உண்மை வெகுநாள் மறைந்திருந்தது. வயது, பாலினம், சிறுநீரகச் செயல்பாடு, இ.சி.ஜி. வடிவம் அனைத்தையும் சேர்த்து எடைபோடும் முறை இத்தகைய விடுபடல்களைக் கண்டுபிடிக்கும். 2020இல் புடாபெஸ்டின் செம்மல்வைஸ் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய மதிப்பெண் முறை, கருவி பொருத்தியவர்களின் ஆயுளைப் பழைய முறைகளைவிட நன்றாகக் கணித்தது.

குறையும் அங்கேயே தொடங்குகிறது. ஒருவர் எவ்வளவு காலம் வாழ்வார் என்பதும், கருவியால் அவருக்கு எவ்வளவு நன்மை என்பதும் வேறுவேறு கேள்விகள். மிகவும் நலிந்தவருக்கே கருவி அதிகம் உதவக்கூடும். ஆயுள் கணிப்பு அவரைப் பட்டியலிலிருந்து தள்ளிவிடலாம்.

இரண்டாவது குறை, தரவு. திருவனந்தபுரத்தில் 2013இல் பதிவான 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் சராசரி வயது 61. மேலை நாட்டுப் பதிவுகளில் இது 70ஐ ஒட்டியே இருக்கும். அங்கே பயின்ற கணிப்பு இங்கே அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. நம்மிடமுள்ள தரவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பணமின்றிக் கருவி பொருத்தாமல் போனவர்களுக்கு அது பயன்பட்டிருக்குமா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இந்தத் தரவுக் குறையைப் போக்க வழிகாட்டும் வாய்ப்பு பெங்களூருக்கு உண்டு. சிறு ஊர்களின் கிளினிக்குகளில் எடுக்கும் இ.சி.ஜி.யைக் கணினி முதலில் படிக்க, மருத்துவர் சரிபார்த்துச் சில நிமிடங்களில் முடிவு அனுப்பும் ட்ரைகாக் நிறுவனம் இங்கேதான் வளர்ந்தது. ஏழைகள் பெருமளவில் நாடும் ஜெயதேவா அரசு இதய மருத்துவமனையும் இங்கேயே இருக்கிறது. கணிப்பை முதலில் இத்தகைய மருத்துவமனைகளின் நோயாளிகளிடம் சோதித்து, அது தவறிய இடங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

இறுதிப் பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு நெறிமுறைகளும் வலியுறுத்துகின்றன. விடுபட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இந்தக் கணிப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒருவருக்குக் கருவியை மறுக்க அதை மட்டுமே காரணமாக்கக் கூடாது.