25 விழுக்காட்டு இடங்களும் அடுத்த தெருப் பள்ளியும்

பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் அரசு பணம் செலுத்தும் ஏற்பாடு பள்ளி வவுச்சர் எனப்படும். 1955இல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்த இக்கருத்தைச் சிலி நாடு 1981இல் நாடு முழுவதும் செயல்படுத்தியது. தமிழ்நாட்டில் அப்பெயர் வழங்கவில்லையெனினும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி) பிரிவின்கீழ் அதையொத்த ஒன்றைக் கொண்டுவந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களைக் கட்டணமின்றி வழங்க வேண்டும். பள்ளியின் கட்டணம், அரசு ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகை ஆகிய இரண்டில் குறைந்ததை அரசு ஈடுசெய்யும்.

இதன் வலிமை மறுக்கத்தக்கதன்று. திருநெல்வேலி டவுணில் கூலித் தொழிலாளியின் மகளும் கடை முதலாளியின் மகனும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் அமர இது வழிசெய்கிறது. நேர்காணலுக்குத் தடை விதித்து, விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடத்துவதால், பள்ளி மாணவரைப் பொறுக்கியெடுக்க இயலாது. பள்ளிகளே மாணவரைப் பொறுக்கியெடுக்கும் குறையைக் களைய, சிலி 2015 வரை காத்திருந்து தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பு சமமாகப் பரவவில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை என்னும் விதி டவுணுக்குப் பொருந்துமேயன்றி, தனியார் பள்ளியே இல்லாத தாமிரபரணிக் கரைச் சிற்றூர்களுக்குப் பயன்படாது. சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு உச்ச நீதிமன்றம் விலக்களித்துள்ளதால், கிறித்தவப் பள்ளிகள் நிறைந்த பாளையங்கோட்டையில் இச்சட்டத்தின் வீச்சு மேலும் சுருங்குகிறது. பிற்படுத்தப்பட்டோரையும் உள்ளடக்கும் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’ என்னும் வகைக்கு வருமான வரம்பு இல்லாததால், வசதியுள்ள குடும்பமும் ஏழைக் குடும்பத்தோடு அதே குலுக்கலில் நிற்கிறது.

இவற்றினும் ஆழமான குறை பணம் செல்லும் வழியில் உள்ளது. 1854 முதல் வேரூன்றிய உதவிபெறும் பள்ளி முறையில் அரசு ஆசிரியர் பணியிடத்துக்கு ஊதியம் தருகிறது. பாரதியார் பயின்ற ம.தி.தா. இந்துக் கல்லூரிப் பள்ளி அம்முறையில் நிலைபெற்றதே. புதிய ஏற்பாட்டிலோ பணம் பிள்ளையைப் பின்தொடர்கிறது. பள்ளியின் செலவு அவ்வாறு பிரியாது. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியரும், 61 முதல் மூவரும் உண்டு. அரசுப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை வெளியேறி எண்ணிக்கை 60ஆகக் குறைந்தால் மூன்றாமவர் உபரி ஆசிரியராகிப் பணிநிரவலில் வேறிடம் செல்ல, எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளைத் தாங்க வேண்டியதாகிறது. ஆள்பலம் குன்றக் குன்ற அடுத்த பெற்றோரும் வெளியேறுவர். அவர்கள் வெளியேறுவது வெறுப்பாலன்று; ஆயிரக்கணக்கான மாணவியர் பயிலும் டவுணின் கல்லணை மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியைக் காணும் எவரும் பொதுப்பள்ளியை மக்கள் வெறுக்கின்றனர் என்று கூறமாட்டார்.

ஈடுசெய்யும் தொகையும் உறுதியானதன்று. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததையொட்டி, இத்தொகையும் அடங்கிய 2024-25க்கான கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை அவ்வரசு நிறுத்திவைத்தது. அதன் விளைவாக 2025-26ஆம் ஆண்டுச் சேர்க்கை கோடையில் நடைபெறாமல் அக்டோபரில்தான் தொடங்கியது. இரு அரசுகளின் பூசலுக்கு ஐந்து வயதுக் குழந்தை விலை கொடுத்தது கொடுமை.

கர்நாடகம் 2019இல், அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இவ்விடம் கிடையாது என விதியைத் திருத்தியது. இரண்டு ஆசிரியரை வைத்து ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியை அப்படியே விட்டுவிட்டு, வெளியேறும் வாயிலை மட்டும் அடைப்பது நியாயமாகாது. தொடக்கப் பள்ளிப் பணியிடத்தைத் தலைக்கணக்கால் அளக்காமல் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என நிர்ணயித்து, அதற்குரிய நிதியை முதலில் ஒதுக்கிய பின்னரே, 25 விழுக்காட்டைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை அரசு விவாதிக்கத் தகும்.