மார்கழி விடியலின் இரு கோள்கள்

திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களால் ஆனது. பதின்மூன்றாம் பாசுரத்தில், உறங்கும் தோழியை எழுப்ப வந்த சிறுமியர் வெள்ளி தோன்றியதையும் வியாழன் மறைந்ததையும் சொல்கின்றனர். இக்குறிப்பைக் கொண்டு அறிஞர் மு. இராகவையங்கார் அவ்விடியலைக் கி.பி. 731 டிசம்பர் 18 எனக் கணித்தார். இத்தகைய ஆய்வுகளுக்குப் பெருந்துணையான இந்தியக் காலக்கணித நூலை 1922இல் வெளியிட்ட எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் என்பதை நாம் நினைவிற்கொள்வது தகும்.

உழைப்பு பெரிது, முடிவோ ஐயத்திற்குரியது. வியாழன் வானை ஒருமுறை சுற்ற ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். வெள்ளியின் தோற்றம் எட்டாண்டுக்கு ஒருமுறை மீள்கிறது. ஆகவே ஒரே நூற்றாண்டிலேயே இத்தகைய மார்கழிகள் பல வரக்கூடும். பிறர் வேறு ஆண்டுகளைக் குறித்ததில் வியப்பில்லை.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. சோதிடம் இவ்விரு கோள்களையும் குரு, சுக்கிரன் என்றழைத்து, மணவாழ்வையும் செல்வத்தையும் அவற்றின்மேல் ஏற்றுகிறது. திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் குருப்பெயர்ச்சிப் பலன்களை ஆவலோடு படிப்போருள் நம்மவரும் உளர். ஆண்டாளின் சிறுமியரோ கோள்களிடம் பலன் கேட்கவில்லை. பொழுது விடிந்ததற்குச் சான்றாகவே அவற்றைக் காட்டுகின்றனர்.

மத்தேயு நற்செய்தியின் விண்மீனைக் கெப்ளர் கி.மு. 7இல் நிகழ்ந்த வியாழன்–சனிச் சேர்க்கையோடு தொடர்புபடுத்தினார். அக்கணக்கு எவ்வாறாயினும், விண்மீனைக் கண்ட ஞானியர் பலன் பார்த்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை, வழிநடந்தனர். பாசுரத்தின் வெள்ளியும் உறங்குவோரை எழுப்பவே உதித்தது. எழுந்திருப்பது நம் கடன்.