கதை சொல்லும் பதங்கள், கதை சொல்லாத பயிற்சி: கனம் கிருஷ்ணையர் பற்றிய உ.வே.சாமிநாதையரின் எழுத்துகள்

அரியலூர் வட்டாரத்துத் திருக்குன்றத்தில் பிறந்து, உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த கிருஷ்ணையர் (1790–1854) தமிழிசை வரலாற்றில் 'கனம்' என்னும் அடைமொழியோடே அறியப்படுகிறார். அவ்வடைமொழி ஒரு பாடுமுறையைக் குறிப்பது. இன்று எஞ்சியிருப்பனவோ அவர் இயற்றிய பதங்கள். பைரவி இராகத்தில் அமைந்த 'வேலவரே' இன்றும் பரதநாட்டிய மேடையில் அபிநயத்திற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. கன மார்க்கமோ வழக்கொழிந்தது. பெயரில் நிற்பது ஒன்று, வழக்கில் நிற்பது வேறொன்று என்னும் இந்த இடைவெளியை விளங்கிக்கொள்ள முதன்மையான சான்றுகள் இரண்டு. ஒன்று உ.வே.சாமிநாதையர் 1936இல் வெளியிட்ட 'கனம் கிருஷ்ணையர்'. மற்றொன்று 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்'. இசை குறித்து எழுதுவோர் பெரும்பாலும் முன்னதை மட்டுமே நாடுகின்றனர்; பின்னதைத் தமிழ்க்கல்வி வரலாறாகவே கொள்கின்றனர். இப்பிரிப்பு சரியன்று.

கிருஷ்ணையர் மறைந்த மறு ஆண்டில், 1855இல், சாமிநாதையர் பிறந்தார். உறவினரேயாயினும் அவர் குரலைச் சாமிநாதையர் கேட்டதில்லை. தந்தையார் வேங்கடசுப்பையர் கிருஷ்ணையரிடம் நேரே பயின்றவர் என்பதால் அவர் வழியாகவே பெரும்பாலான செய்திகள் வந்து சேர்ந்தன. கேட்டறிந்த செய்திகளை அடுக்கும்போது சாமிநாதையர் கைக்கொண்ட முறை தனிப்பாடல்களுக்கு நிகழ்ச்சி சொல்லும் மரபைச் சார்ந்தது. ஒரு பாடல், அது பிறந்த சூழல், கேட்டவர் மகிழ்ந்து அளித்த பரிசு என்னும் வரிசை அது. காளமேகம் முதலிய புலவர்களைப் பற்றி வழங்கும் கதைகளைப் படித்தவர்க்கு இவ்வடிவம் உடனே புலப்படும்.

இம்முறையால் விளைந்த நன்மை சிறிதன்று. திருவையாற்றில் தியாகராசரைக் கண்டு, அவரது அடாணா இராகக் கீர்த்தனை ஒன்றைக் கேட்டபின் அதே இராகத்தில் கிருஷ்ணையர் தமிழில் ஓர் உருப்படி இயற்றினார் என்னும் செய்தி, இருவேறு மொழிகளில் இயங்கிய சமகாலப் படைப்பாளர் ஒருவர் மற்றவருக்கு இசையாலேயே மறுமொழி கூறிய நிகழ்வாகும். புரவலரிடம் நேரே சொல்ல இயலாத மனக்குறையைத் தலைவியின் ஊடலாக்கிப் பாடிய இடங்களும் அவ்வாறே கருதத்தக்கன. அகத்திணை மரபு இங்கே ஜமீன் அரண்மனையின் நடைமுறை மொழியாகிறது. பதத்தின் தலைவன் முருகனா, சிவபெருமானா, எதிரே அமர்ந்திருக்கும் ஜமீன்தாரா என்னும் மயக்கம் அப்பாடல்களின் குறையன்று. கலைஞரின் பிழைப்பே அம்மயக்கத்தில் அடங்கியிருந்தது.

எனினும், நிகழ்ச்சியாகச் சொல்லத்தக்கதை மட்டுமே இம்முறை ஏற்றுக்கொள்ளும். கன மார்க்கம் பற்றிய பகுதியில் இதன் எல்லை தெரிகிறது. பொப்பிலி கேசவையர் தஞ்சை அரசவையில் அம்முறையில் பாடியதும், அதனைக் கற்றுப் பாடக் கிருஷ்ணையர் முன்வந்ததும், கபித்தலத்தில் தங்கிப் பயின்றதும் கதையாக அமைந்துவிட்டன. உடல்வலிமையும் கடும் உழைப்பும் வேண்டிய முறை அது என்பதும் விளங்குகிறது. ஆனால் ஒரு நாளின் பயிற்சி எவ்வாறு தொடங்கியது, குரல் எப்படிப் படிப்படியாக வலுப்பெற்றது, எதனை முதலில் பாடினார் என்னும் வினாக்கள் நூலின் மையத்திற்கு வருவதில்லை. சொற்களும் இராகப் பெயரும் தாளப் பெயரும் தாளில் தங்கும். கனம் குரலில் மட்டுமே தங்கக்கூடியது. ஆகவே பதிப்பாசிரியரின் பேருழைப்பு பதங்களைக் காத்தது; கனத்தை அது காத்திருக்கவும் முடியாது.

கற்பித்தலைக் காண 'என் சரித்திரம்' நூலுக்கே செல்லவேண்டும். அங்கே வேங்கடசுப்பையர் ஆசிரியரோடு உடையார்பாளையத்தில் தங்கிப் பணிவிடை செய்து கற்ற மாணவராகவும், பின்னர் அக்கல்வியைக் கொண்டு குடும்பத்தைக் காக்க ஊர் ஊராகச் செல்பவராகவும் தோன்றுகிறார். ஜமீன் ஆதரவை மட்டும் நம்பி வாழ இயலாத அடுத்த தலைமுறைக்கு அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைக் கொண்ட இராமாயணப் பிரசங்கம் கைகொடுத்தது. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் அவர்களை ஆதரித்தோர் சிற்றூர் மக்களே. அரசவையில் வளர்ந்த குரல் சிற்றூர்த் திண்ணைக்கும் கோயில் வாயிலுக்கும் வந்து சேர்ந்த வரலாறு இது. இசைநூல்கள் இதனைப் போதிய அளவு கருதவில்லை.

சாமிநாதையருக்கு அரியலூரில் தமிழ் கற்பித்த சடகோபையங்கார் இசையிலும் வல்லவர். அவரிடம் இயலும் இசையும் தனித்தனிப் பாடங்களாக இருக்கவில்லை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோதுதான் இரண்டும் பிரிந்தன. அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை கற்றுவந்தார். பாரதியாரோ திருவிடைமருதூரில் கனம் கிருஷ்ணையரோடு பழகியவர். அதாவது, அறுந்திருந்த இழை மீண்டும் கைக்கு எட்டிய தருணம் அது. இசைப்பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்து ஊன்றாது எனப் பிள்ளை கருதியதால் அப்பாடம் நின்றது. தமிழ்ப் பதிப்பு வரலாறு இம்முடிவால் பெற்றது அளவிடற்கரியது. இசைக்கு நேர்ந்த இழப்பைச் சாமிநாதையர் வெளிப்படையாகக் கணக்கிடவில்லை. ஆயினும் எண்பது வயதைக் கடந்த பின், 1936ஆம் ஆண்டிலேயே கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் என்னும் மூன்று இசைவாணர்களின் வரலாறுகளை அவர் வெளியிட்டமை தற்செயலாகத் தோன்றவில்லை.

பெரம்பலூரில் இன்று மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இத்தகைய பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்றாண்டுப் பயிற்சியாகக் கற்பிக்கப்படுகின்றன. சாதியும் உறவும் பணிவிடையும் வாயிலாக இல்லாத கல்வி இது. அவ்வகையில் கிருஷ்ணையர் காலத்து முறையைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. உருப்படி இயற்றுதல் மட்டும் இப்பட்டியலில் தனித்துறையாக இல்லை. கிருஷ்ணையரோ பாடகராக இருந்ததனாலேயே இயற்றுநராகவும் இருந்தார். இயற்றியதை வேங்கடசுப்பையர் போன்றோர்க்குச் சொல்லிக் கொடுத்தார்.

உடையார்பாளையம், அரியலூர், குன்னம், செங்குணம் என 'என் சரித்திரம்' குறிக்கும் ஊர்கள் பல இவ்விரு மாவட்டங்களுக்குள்ளேயே அமைகின்றன. அவ்வூர்களில் எங்கெங்கே கதை நடந்தது, எப்பாடல் பாடப்பட்டது, யார் ஆதரித்தனர், ஊதியம் தானியமா பணமா என்பனவற்றை நூலிலிருந்து திரட்டி, 1936ஆம் ஆண்டு நூலின் பாடற்குறிப்புகளோடு ஒப்பிடும் பணி எஞ்சியுள்ளது.